எல்லைக் கல்லுக்கு மேலே

பிப்ரவரி 3, 2026, செவ்வாய்

பூப்பறிக்கப் போன பிச்சையம்மாள் வெறும் கூடையோடு திரும்பி வந்தாள். "ஏங்க, நம்ம தோட்டத்துல யாரோ பந்தலப் பிரிச்சுப் போட்டுட்டுப் போயிருக்காங்க."

போய்ப் பார்த்தேன். பந்தல் இல்லை. கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறை. முல்லைச் செடி நான்கு வரிசையை மூடி, வேலி தாண்டி, தென்னையில் சிக்கிக் கிழிந்து தொங்கியது. என்ன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பெரிய குளம் வற்றிக் கிடக்கிறதே, அங்கே வானேறி என்று ஒரு கம்பெனி கூடாரம் போட்டிருக்கிறது. ஆள் ஏறிப் போகிற பலூன் விடப் போகிறார்களாம். நேற்று ஆளில்லாமல் ஒன்றை விட்டுப் பார்த்தார்கள். ஊரே குளக்கரையில் நின்றது. நான் போகவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை.

பத்து மணிக்கு நான்கு பையன்கள் வந்து சுருட்டினார்கள். சுருட்டுகிற சாக்கில் இன்னும் இரண்டு வரிசையை மிதித்தார்கள். "சாரி தாத்தா" என்றான் ஒருவன். தாத்தாவாம்.

ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டேன். கேட்டால் தரமாட்டேன்.

பிப்ரவரி 4, புதன்

கடையில் தருகிற கேரிபேக்கை விட மெல்லிசு. ஊதினால் எழும்புகிறது. இழுத்தால் நீள்கிறது, கிழிய மறுக்கிறது. இதற்குள் ஹீலியத்தை அடைத்து முப்பது கிலோமீட்டர் உயரம் போகிறார்கள். அங்கே காற்று இங்கிருப்பதில் நூற்றில் ஒரு பங்கு. அதனால் உள்ளே இருக்கிற வாயு விரிந்துகொண்டே போகும். புடலங்காய் மாதிரி தொங்கிக்கொண்டு கிளம்புவது மேலே போய்ப் பூசணிக்காய் ஆகும். இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எட்டாவதோடு நின்றவன் நான். கீரமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டிய காலத்தில், கரண்ட் இல்லாத நேரமெல்லாம் கிளை நூலகத்தில் உட்கார்ந்து படித்தது.

மாலையில் கம்பெனிப் பெண் வந்தாள். பெயர் மோகனப்ரியா. என்ஜினீயர். ஊர்க்காரர்களோடு பேசுவதும் அவள் வேலைதானாம். சொந்த ஊர் அறந்தாங்கி. செடி நஷ்டத்தைக் குறித்துக்கொள்ள வந்திருந்தாள்.

"நஷ்டம் கெடக்கட்டும். மொதல்ல அந்த பேனரை இறக்குங்க" என்றேன். குளத்து மேட்டில் 'விண்வெளிக்குப் போகலாம் வாங்க' என்று கட்டியிருக்கிறார்கள். விண்வெளி என்பது நூறு கிலோமீட்டருக்கு மேலே.

"விண்வெளியின் விளிம்புன்னு போட்டுக்கலாமாய்யா?"

"ஏம்மா, புதுக்கோட்டை போற பஸ்ஸு ஆலங்குடியோட நின்னுட்டா, புதுக்கோட்டை விளிம்புன்னு டிக்கெட் குடுப்பீங்களா?"

சிரித்தாள். கோபப்படவில்லை. "நீங்க சொல்றது சரிதாங்கய்யா. ஆனா அந்த உயரத்துல வானம் கருப்பாத் தெரியும். பட்டப்பகல்ல."

அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. பகலில் கருப்பு வானம். காற்று இல்லாததால் நீலம் இல்லை. படித்ததுதான். ஆனாலும் ஒரு ஆள் கண்ணால் பார்க்கப்போகிறான் என்று நினைத்ததில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

பிச்சையம்மாளின் தம்பி சோலையப்பன் வந்திருந்தான். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் மேஸ்திரி. கருவாடு கொண்டு வந்தான், கூடவே ஒரு கேள்வியும்.

"மச்சான், இங்கேருந்து கெழக்க காத்தடிச்சா அந்தப் பலூன் எங்கிட்டுப் போகும்?"

"கடலுக்கு."

"கடல்ல விழுந்தா கம்பெனிக்காரய்ங்களா எடுக்க வருவாய்ங்க? எங்க ஆளுகளத்தான் போட்ட எடுக்கச் சொல்லுவாய்ங்க. எலங்கைக் கோட்டுக்கு அங்கிட்டு விழுந்துச்சுன்னு வைங்க. எடுக்கப் போனவன் எந்த ஊரு ஜெயில்ல இருப்பான்?"

நான் இதை யோசிக்கவில்லை. அவனிடம் அப்படிச் சொல்லவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

குளக்கரையில் கூட்டம். எனக்கு நாற்காலி போடவில்லை. நின்றேன். நின்றால்தான் கேட்க வசதி.

மேலத்தெரு ராமுவின் மனைவிதான் முதலில் கேட்டாள், "ஆறு மணி நேரம் மேல இருக்கணுங்கிறீங்க, அவசரம்னா எங்கிட்டுப் போறது?" எல்லாரும் சிரித்தார்கள். மோகனப்ரியா சிரிக்கவில்லை. பலூனுக்குக் கீழே தொங்குகிற கூண்டுக்குள் திரை போட்ட ஒரு இடம் இருக்கிறதாம், உட்கார்ந்து எழ கைப்பிடியும் உண்டாம். நல்ல கேள்வி என்று சொன்னாள். உண்மையில் நல்ல கேள்விதான்.

நான் மூன்று நிபந்தனை சொன்னேன். உயரத்தில் வீசுகிற மேல்காற்று கடல் பக்கம் போகிற நாளில் பலூன் விடக்கூடாது. ஒவ்வொரு முறை விடும்போதும் ஊரின் அனுமதி கேட்க வேண்டும், விழுகிற ஒவ்வொரு துண்டையும் பொறுக்கிப் போக வேண்டும். எங்காவது ஏதாவது கெட்டுப் போனால், ஏன் கெட்டது என்று இதே குளக்கரையில் தமிழில் சொல்ல வேண்டும், மறைக்கக்கூடாது.

ஊருக்குத் தலைவரான அம்பலம் ராசு என் வயசு, எனக்குப் பங்காளி முறை. பாதிக் கூட்டத்தில், "கொழந்தசாமி, ஒனக்கு வேற வேலை இல்லையா?" என்றார். பிறகு கம்பெனி ஆட்களைப் பார்த்து, "அவரு சொல்றதுல என்ன தப்பு? எழுதிக்குங்க" என்றார். ராசு எப்போதும் இப்படித்தான். முதலில் மிதிப்பார், பிறகு தூக்குவார். ஒப்பந்தமாகவே எழுதிக் கையெழுத்துப் போடுவோம் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள்.

கடைசியில் ஒரு அறிவிப்பு. ஆள் ஏறும் முதல் பயணத்தில் ஓர் இருக்கை ஊருக்கு. இலவசம். சாதாரண ஆட்கள் போய் வந்தால்தான் இது எல்லாருக்குமான வழி ஆகும் என்றாள் மோகனப்ரியா. அறுபத்தைந்து வயசு வரைக்கும்.

எனக்கு எழுபத்தொன்று.

பிப்ரவரி 16, திங்கள்

கூடாரத்துக்குப் போனேன். சாதாரண ஆள் என்றால் யார்? ஓடியாடுகிற வயசுக்காரன் மட்டும்தான் சாதாரணமா? வயசை வைத்துத் தள்ளாதே, உடம்பைப் பார்த்துத் தள்ளு. கத்திவிட்டேன். என்னமோ என் சொத்தைப் பிடுங்கிக்கிட்ட மாதிரி. ஏன்டா கொழந்தசாமி, நேத்து வரைக்கும் ஒனக்கு அதுல போகணும்னு நெனப்பே இல்லையேடா.

இருந்தது. எழுதாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

பிப்ரவரி 20, வெள்ளி

வயசு வரம்பை எடுத்துவிட்டார்கள். உடல் பரிசோதனை மட்டும். அவர்களுடைய டாக்டரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம், என்னால் மட்டும் மாறியது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம் என்று மோகனப்ரியா சிரித்துக்கொண்டே சொன்னாள். நினைத்துக்கொள்வேன்.

பிச்சையம்மாள் பேரையும் கொடுத்தேன். தேறியவர்களில் சீட்டுக் குலுக்கித்தான் ஆளை எடுப்பார்களாம்; வீட்டுக்கு இரண்டு சீட்டு இருக்கட்டும். அவளுக்கு வந்தால் எனக்கு மாற்றித் தரச் சொல்லலாம். "எனக்கு எதுக்குங்க அது, ரங்கராட்டினத்துல ஏறுனாலே எனக்கு வயித்தப் பொரட்டும்" என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

பரிசோதனையில் தேறியவர்கள் ஒன்பது பேர். என் ரத்த அழுத்தத்தை மூன்று முறை பார்த்தார்கள். கோபப்படாமல் உட்காருங்கள் என்றார் டாக்டர். கோபப்படாமல்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது முறை விட்டார்கள். பிச்சையம்மாளுக்கு ஒரே முறை.

கோயிலில் சொம்பில் சீட்டுப் போட்டு ராசு குலுக்கினார். முதல் சீட்டு குழந்தைசாமி.

இந்த ஊரில் எனக்கு முதல் முதலாக ஒன்று முதலில் வந்திருக்கிறது. கஜா புயலில் பதினேழு தென்னை போனபோது நிவாரணப் பட்டியலில் என் பேர் கடைசியில் கூட இல்லை.

இரண்டாவது சீட்டு, முதல் ஆளுக்கு முடியாவிட்டால் போகிற ஆளுக்கு. பிச்சையம்மாள். கூட்டத்தில் சத்தம். "புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமா? சொம்புக்குள்ள என்னத்த வச்ச ராசு?" ராசு சொம்பைக் கவிழ்த்துக் காட்டினார். "சொம்பு சொன்னது சொன்னதுதான்."

மார்ச் 14, சனி

பயிற்சி. குளத்துக்குள் கூண்டு மாதிரி ஒன்று. ஆறு இருக்கை, பெரிய சன்னல்கள். என் பக்கத்தில் பிச்சையம்மாள் உட்கார்ந்து, பெல்ட்டை ஒரே தடவையில் மாட்டிவிட்டாள். எனக்கு நான்கு தடவை.

இரண்டு விஷயத்தில் நான் நினைத்தது தப்பு. எழுதி வைக்கிறேன்.

ஒன்று, மேலே போனால் மிதப்போம் என்று நினைத்திருந்தேன். "மிதக்க மாட்டீங்கய்யா" என்றாள் மோகனப்ரியா. "சுத்தி வர்ற கப்பல்ல இருக்கிறவங்க விழுந்துகிட்டே இருக்காங்க, அதனால மிதக்கிறாங்க. நம்மள பலூன் பிடிச்சுக்கிட்டு இருக்கும். ஒங்க எடை கிட்டத்தட்ட இதே எடைதான்." கொஞ்ச நேரம் வாக்குவாதம் செய்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அவள் சொன்னதுதான் சரி. கிணற்று வாளியும் கயிறும் மாதிரி. கயிறு பிடித்திருக்கிற வரை வாளிக்குள் இருப்பது வாளியில்தான் உட்கார்ந்திருக்கும்.

இரண்டு, மேல்காற்று வருஷம் முழுக்க ஒரே திசை என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. திசை மாறுகிற காலத்தில் சில நாள் அசையாமல் நிற்குமாம். அந்த நாளில் விட்டால் பலூன் ஏறக்குறைய நம் தலைக்கு மேலேயே நிற்கும். கூண்டு பாராசூட்டில் குளத்துக்கே திரும்பி இறங்கும். என் முதல் நிபந்தனைக்காக அந்த நாளுக்குத்தான் காத்திருக்கிறார்களாம்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. ஹீலியம் பூமிக்குள்ளிருந்து எடுப்பது. வெளியே விட்டால் திரும்பி வராது. ஆயிரம் பேர், லட்சம் பேர் போக ஆரம்பித்தால்? அவளிடம் கேட்டேன். "அதுக்கு எங்ககிட்ட இன்னும் பதில் இல்லைங்கய்யா." மழுப்பியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். வரவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

கருப்பு என்றால் எந்தக் கருப்பு? தார் மாதிரியா, எருமை மாதிரியா, கிணற்றுக்குள் தெரிகிற மாதிரியா?

மார்ச் 29, ஞாயிறு

மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. ஊரில் நான்கு கரை, அதாவது நான்கு வகையறா. கரைக்கு ஒரு ஆள் கையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் கரைக்கு நான். கட்டியவன் அடுத்த திங்கள் அவிழ்க்கிற வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. மற்றவர்கள் போகலாம் வரலாம். சாமி இருக்கோ இல்லையோ, கட்டும்போது சபையில் சொல்கிற சொல் இருக்கிறது. முப்பது வருஷமாக நான் தாண்டியதில்லை.

மார்ச் 31, செவ்வாய்

வெள்ளிக்கிழமை பலூன்.

மோகனப்ரியா மூச்சு வாங்க வந்து சொன்னாள். மேல்காற்று நின்றுவிட்டது, இரண்டு மூன்று நாள் தாங்கும், அதற்குப் பிறகு புரட்டாசிக்கு முன்னால் இல்லை. என் கையைப் பார்க்காமலே சொன்னாள். பிறகு பார்த்தாள். அறந்தாங்கிக்காரி, விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எங்க தாண்டப் போறீங்க? குளத்துல ஏறிக் குளத்துல எறங்குறீங்க" என்றாள் பிச்சையம்மாள்.

அதுதான் விஷயம். நேர் மேலே போனால் எல்லை தாண்டியதா? ஆனால் நேர் மேலே இல்லை. காற்று நின்றாலும் மேலே ஏழெட்டுக் கிலோமீட்டர் அங்குமிங்கும் நகரும். நம் ஊர் அகலமே மூன்று. பக்கத்து ஊருக்கு மேலே போகாமல் திரும்ப முடியாது.

எல்லைக் கல்லிலிருந்து கோடு மேலே நீளுமா, நீளாதா? யாரும் இதுவரை கேட்டதில்லை.

ஏப்ரல் 1, புதன்

கோயில் வாசலில் சபை. கம்பெனி வக்கீலும் சென்னையிலிருந்து வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"தென்னை மரம் ஏறுனா எல்லை தாண்டுனதா?" என்றார் ராமு.

"தென்னை நம்ம மண்ணுல நிக்கிது."

"அப்ப தென்னை ஒசரம் வரைக்கும் நம்ம ஊரு. அதுக்கு மேல?"

"தேரு அன்னைக்குக் கருடன் வட்டம் போடுதே, அது நம்ம ஊருல இல்லாம வேற எங்க இருக்கு?"

"கருடனுக்கு யாருய்யா காப்புக் கட்டுனா?"

ராசு என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு கொழந்தசாமி. கோடு மேல நீளுதா?"

நான் எழுந்தேன். எல்லைக் கல் நாலு திசைக்கும் இருக்கிறது. மேலே ஒரு கல்லும் இல்லை. நம் பாட்டன்மார் நடப்பவனுக்குத்தான் எல்லை போட்டார்கள். மரத்துக்கு மேலே நம் ஊரும் இல்லை, பக்கத்து ஊரும் இல்லை. இல்லாத கோட்டை எப்படித் தாண்டுவது? உலகத்திலேயே வானம் எங்கே முடிந்து விண்வெளி எங்கே தொடங்குகிறது என்று நாடுகளுக்குள் இன்னும் முடிவாகவில்லை. நான் படித்ததையெல்லாம் சொன்னேன். கேட்டார்கள். இந்த ஊர் நான் பேசி இவ்வளவு நேரம் கேட்டதே இல்லை.

"அப்ப மேல கோடு இல்லை. சபை ஒத்துக்கிருது" என்றார் ராசு.

நான் போகிறேன்.

ஏப்ரல் 2, வியாழன்

காலையில் ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று போனேன். வக்கீல் தாளை நீட்டினார். முதல் நிபந்தனை இருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் இல்லை. கேட்டேன். மரியாதையாகத்தான் சொன்னார். "நேத்து ஒங்க சபையே முடிவு பண்ணிருச்சுங்களே, மேல ஊருக்கு எல்லையே இல்லைன்னு. ஒங்க எல்லைக்கு வெளியில நடக்கிறதுக்கு ஒங்ககிட்ட எதுக்கு அனுமதி? ஒங்க எல்லைக்கு வெளியில கெட்டுப் போனதுக்கு ஒங்களுக்கு எதுக்கு விளக்கம்?" என் வார்த்தையை அப்படியே எழுதி வைத்திருந்தார்.

மோகனப்ரியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, "நான் நேத்தே ஒங்களுக்குச் சொல்லியிருக்கணும் ஐயா. நீங்க போகணும்னு நானும் நெனச்சுட்டேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் திருவிழாவுக்கு வந்த சோலையப்பன். அவனிடம் சொல்லிப் பொருமினேன். மேலே கல்லா நட்டிருக்கு, கோடா போட்டிருக்கு, நான் சொன்னதுல என்னடா தப்பு?

அவன் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னான். "கடல்லயும் கல்லு இல்லை மச்சான். கோடு இல்லைன்னு நாங்க சொன்னா விட்டுர்றாய்ங்களா? கோடு இருக்கா இல்லையாங்கிறது இல்லை. கேக்க ஆள் இருக்காங்கிறதுதான் கணக்கு."

நான் அவனைத் திட்டினேன். எதற்கு என்று இப்போது தெரியவில்லை.

அதற்குப் பிறகு தோட்டத்தில் போய் உட்கார்ந்தேன். பிப்ரவரியில் மிதித்த இரண்டு வரிசையும் இன்னும் தலை தூக்கவில்லை. இன்றைக்கு இது ஒரு உறை. நாளைக்கு மாசத்துக்கு ஒன்று, வாரத்துக்கு ஒன்று. ஒரு நாள் கூண்டே விழும். ஏன் விழுந்தது என்று கேட்கப் போகிறவனிடம், உங்க ஊர் குழந்தைசாமியே சொல்லிட்டாரே என்று என் பேரைக் காட்டுவார்கள்.

ரெண்டும் வேணும்னா எப்புடி வரும்? கோடு மேல நீளாதுன்னா எனக்கு இருக்கை, ஊருக்கு வாய் இல்லை. நீளும்னா ஊருக்கு வாய், எனக்கு... எவ்வளவு யோசிச்சாலும் மூணாவது வழி வரலை.

ஒரு நாள். ஒரே ஒரு நாள் எனக்காக இருந்துட்டுப் போகக்கூடாதா?

மூன்று மணிக்கு ராசு வீட்டுக்குப் போனேன். அவர் தேருக்குப் பூ கட்டுகிற ஆட்களோடு இருந்தார்.

"நான் நேத்து சொன்னது தப்பு. கோடு மேல நீளும்."

"எதுவரைக்கும்?"

"பலூன் எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும்."

ராசு என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுத்தான் பேசுறியா?"

"யோசிச்சுத்தான்."

"ஒரு நாளைக்கு ஒரு பேச்சுன்னு ஊரு சிரிக்கும்யா."

"சிரிக்கட்டும்."

சபையைக் கூட்டினார். சிரித்தார்கள். ராமுதான் அதிகம் சிரித்தார். ராசு வக்கீலிடம் சொன்னார், "மேலயும் எங்க ஊருதாங்க. மூணும் எழுதிக் கையெழுத்து ஆகாம குளத்துல ஒரு வண்டி நகராது." காற்று யாருக்கும் காத்திருக்காது. மோகனப்ரியா வக்கீலைத் தனியே கூட்டிப்போய் அரை மணி நேரம் பேசினாள். வந்தார். எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

அப்படியானால் பக்கத்து ஊருக்கும் மேலே கோடு உண்டே. ராசு அந்த ஊர் அம்பலத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லாரும் கேட்டோம். "எங்க வானத்துல வந்து போறதுக்கு என்ன, எறங்கி டீயா குடிக்கப் போறாக? போகச் சொல்லுங்க. பொறுக்கிற துண்டை எங்க ஊருலயும் பொறுக்கச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து பிச்சையம்மாளிடம், "நாளைக்கு நீதான்" என்றேன்.

கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எனக்குப் பயமா இருக்குங்க."

"போக வேண்டாம்னா வேண்டாம்."

"பயமா இருக்குன்னுதான் சொன்னேன்" என்றாள்.

ஏப்ரல் 3, வெள்ளி

விடிந்ததும் கிளம்பியது. சத்தமே இல்லை. ஊர் எல்லைக்குள் நின்று பார்த்தேன். பால் மாதிரி ஒரு புள்ளி, பிறகு அதுவும் கண்ணில் இருக்கிறதா மனசில் இருக்கிறதா என்று தெரியவில்லை. மோகனப்ரியா வாக்கிடாக்கியோடு என் பக்கத்திலேயே நின்றாள். உயரம் ஏற ஏற எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். பதினெட்டு. இருபத்திரண்டு. இருபத்தொன்பது.

மதியத்துக்கு மேல் பாராசூட்டில் இறங்கினார்கள். குளத்தின் வடகோடி, ஊருக்குள்தான். எல்லாரும் ஓடினார்கள். எனக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. நான் போய்ச் சேருவதற்குள் பிச்சையம்மாளைச் சுற்றி முப்பது பெண்கள். இடுக்கில் என்னைப் பார்த்தாள்.

ஏப்ரல் 4, சனி

அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஏப்ரல் 6, திங்கள்

காப்பு அவிழ்த்தாயிற்று. கீரமங்கலம் வரை சும்மா போய்விட்டு வந்தேன். ஒரு வேலையும் இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

"என்ன கருப்பு?"

அவள் பூவைத் தொடுத்துக்கொண்டே யோசித்தாள். தார் இல்லை, எருமை இல்லை. "அடுப்ப அணச்ச பொறவு உள்ள ஒரு கருப்பு இருக்குமே, சூடு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அது மாதிரிங்க. அதுக்குக் கீழ ஒரு நீலக் கோடு. சேலைக் கரை அகலந்தான். அதுக்குள்ளதான் நாம எல்லாரும் மூச்சு விடுறோம்னு கூட வந்த அந்தத் தம்பி சொல்லுச்சு."

வளிமண்டலம். நான் நூறு முறை படித்திருக்கிறேன். சேலைக் கரை அகலம் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

"ஊரு தெரிஞ்சுச்சா?"

"ஊரத் தேடவே இல்லைங்க. கடலப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். அங்கிட்டு எலங்கை தெரியிது, இங்கிட்டு நம்ம கரை. நடுவுல இந்தா இவ்வளவு." கையிலிருந்த பூச்சரத்தை இழுத்துக் காட்டினாள், ஒரு சாண். "சோலையப்பன் ஆளுங்க இதுக்குள்ளயா போயி மாட்டுறாங்க?"

இன்னும் கேட்டேன். காது அடைத்ததா, குளிர்ந்ததா, உறை ஓசை எழுப்பியதா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பூ முழுவதும் கட்டி முடிந்தது. அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டோம்.

மே 18, திங்கள்

வானேறிக்காரர்களின் ஆளில்லாத பலூன் ஒன்று, வேறு மாவட்டத்தில் விட்டது, பாதி உயரத்தில் கிழிந்துவிட்டதாம். யாருக்கும் ஒன்றுமில்லை. மோகனப்ரியா வந்து குளக்கரையில் நின்று, தையல் எங்கே விட்டது என்று தமிழில் சொன்னாள். இருபது பேர்தான் வந்திருந்தார்கள். பரவாயில்லை. சொன்னாள்.

பேனரில் இப்போது 'முப்பது கிலோமீட்டர் உயரம்' என்று மட்டும் இருக்கிறது.

செப்டம்பர் 27, ஞாயிறு

அடுத்த பயணத்துக்கு அனுமதி கேட்டுச் சபை. அக்டோபர் இரண்டாம் தேதி என்றார்கள். புது ஆட்கள், பெரிய பலூன், எட்டு இருக்கை, அதில் ஊருக்கு இரண்டு. எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பிச்சையம்மாளுக்குப் போட்டதற்குப் பக்கத்தில்.

ராசு என்னைக் கேட்கவில்லை. "ஆத்தா, நீ போய்ட்டு வந்தவ. நீ என்ன சொல்ற?" என்று அவளைக் கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். சபையில் அவள் பேசி நான் பார்த்ததில்லை. "ரெண்டாந்தேதி மேல்காத்து இன்னும் கடலுக்குத்தான் போகுதுன்னு மோகனப்ரியா பொண்ணு சொல்லுச்சு. நிக்கட்டும். நின்னதுக்கப்புறம் போங்க. நான் மேல இருக்கையில கீழ பாத்தேன். அங்க விழுந்தா எடுக்கப் போறவன் என் தம்பி வயசுப் பய."

புது ஆட்களில் ஒருவர் முன்பதிவு அது இது என்று ஏதோ சொல்ல வந்தார். ராசு கையைக் காட்டினார். தேதி தள்ளிப் போயிற்று.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுபத்தொரு வயசில் முதல் முறை. வருத்தமில்லை என்று எழுதினால் பொய்.

திரும்பும்போது, இந்த முறை என் சீட்டும் சொம்பில் இருக்கிறது, கையில் காப்பும் இல்லை என்றேன். வந்தால் எந்தப் பக்கச் சன்னலைக் கேட்டு வாங்க வேண்டும் என்று அவளிடமே கேட்டேன்.

"எந்தப் பக்கமும் கேக்க வேண்டாங்க" என்றாள் பிச்சையம்மாள். "அது மெல்லமாத் திரும்பிக்கிட்டே இருக்கும். யாருகிட்டயும் சண்டை போடாம சும்மா உக்காந்திருங்க. கடல் தானா ஒங்க பக்கம் வரும்."